ஒரு தரம்தான் சொல்வார்

அந்தத் திங்கட்கிழமை மீட்டிங்கில் இருந்தவர்கள் மேனேஜர், அக்கா, நான். இல்லாதவர் அக்கவுண்ட்ஸ் அண்ணா. அவர் எந்த மீட்டிங்குக்கும் வரமாட்டார். "கூட்டிக் கழிக்கிறவனுக்கு மீட்டிங் இன்னாத்துக்குப்பா" என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே தன் மேசையிலேயே உட்கார்ந்திருப்பார். யார் இருந்தார், யார் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் யார் சொன்னது யார் காதில் விழுந்தது என்று பெரிய பேச்சு வந்தது.

மீட்டிங் முடிந்து நாற்காலியைத் தள்ளும்போது அக்கா சொன்னார்: "சார், டேட்டா வாங்கிற ப்ரோக்ராம்ல ஒரு சிக்கல் இருக்குது. வந்தத முழுசா படிக்காம திரும்புது. மிச்சம் கிடந்தா கர்னல் மறுபடி கூப்புடாது. பெரிய மெசேஜ் வந்தா மாட்டிக்கும்."

மேனேஜர் ஒரு காதில் போனை வைத்திருந்தார். இன்னொரு காதால் கேட்டார் என்றுதான் நான் நினைத்தேன். "சூத்தாம்மா, சூத்தாம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் தெலுங்கில்தான் பேசுவார். இங்கே பெரும்பாலும் தமிழாக்கி எழுதுகிறேன். அக்கா சொன்ன கர்னல் யார் என்பது பின்னால் வரும்.

அக்கா லேப்டாப்பை மூடினார். எழுந்து போனார்.

அக்கா எதையும் ஒரு தரம்தான் சொல்வார்.

நான் திருப்பதியில் அந்தக் கம்பெனியில் சேர்ந்த வாரமே இதைத் தெரிந்துகொண்டேன். டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஜன்னல் என்று பெரிய கண்ணாடி உண்டு, திறக்காது. அதில் நீலத் தாள் ஒட்டியிருந்ததால் மலை எப்போதும் மழை வரப்போகிற மாதிரியே தெரியும். தமிழில் பேச அங்கே எனக்கு இரண்டு பேர். ஒருவர் நாராயணவனத்து அக்கவுண்ட்ஸ் அண்ணா, இன்னொருவர் சித்தூர் பக்கத்து அக்கா. அக்கா தங்கியிருந்த ஹாஸ்டலும் என் ரூமும் ஒரே ரோட்டில். சாயங்காலம் ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம்.

"பால் பூத் கிட்ட" என்பார் ஏறும்போது. டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு பால் பூத்தைத் தாண்டிப் போவார். நான் கத்த வாயெடுப்பேன். அக்கா என் பையைப் பிடித்து இழுப்பார்.

"உடுடா. சொல்லியாச்சு."

அடுத்த சர்க்கிளில் இறங்கி, வெயிலில் திரும்பி நடப்போம்.

"சொல்லியாச்சுன்னா நாம ஏங்க்கா நடக்கிறோம்?"

"அவரு கேக்கல. அதனால நடக்கிறோம்."

ஹாஸ்டலில் அவர் அறைக் குழாய் ஒழுகியது. வார்டனிடம் சொன்னார். வார்டன் வரவில்லை. அக்கா அடியில் ஒரு வாளியை வைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வைத்த வாளி, அடுத்த கோடையிலும் அங்கேயே இருந்தது. தினமும் காலையில் அந்த வாளித் தண்ணீரில்தான் துணி அலசுவதாகச் சொல்லிச் சிரித்தார். "ஒழுகினது வேஸ்ட்டாவல பாரு."

ஏன் இப்படி என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன். சனிக்கிழமை அது. அக்கவுண்ட்ஸ் அண்ணா ஊரிலிருந்து கோயில் புளியோதரை கொண்டுவந்திருந்தார். அக்கா சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீட்டுப் பெண்தான், ஆனாலும் புளியோதரைக்கு முதல் கை அவருடையதுதான்.

"எங்க நைனாவுக்கு ஒரு காது கேக்காது. எங்க வீட்ல எல்லாமே மூணு தரம். சோறு துன்ன வான்னா மூணு தரம், கதவு சாத்தியாச்சான்னா மூணு தரம். மூணாவது தரம் சொல்றப்ப கத்தல்தான். கத்தினா அம்மா அழுவும். சர்ச்சுல ஐயர் ஜெபம் பண்றாரு, எங்க அம்மா நைனா காதுல அத திருப்பிச் சொல்லிக்கினு இருக்கும். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. காலேஜுக்கு வெளியூர் வந்தப்ப முடிவு பண்ணேன். இனிமே ஒரு தரம்தான்."

"அந்தக் கல்யாணப் பேச்சும் அப்படித்தானா?" என்று அக்கவுண்ட்ஸ் அண்ணா கிண்டினார்.

அந்தக் கதை ஆபீசுக்கே தெரியும். வீட்டில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். அக்கா "வேணாம் நைனா" என்று சொல்லிவிட்டு திருப்பதிக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே நிச்சயத்துக்கு மண்டபம் பேசி, சமையலுக்கு ஆள் வைத்து, பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கியும் ஆயிற்று. அக்கா அன்றைக்கு ஆபீசில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எந்தக் காதுப் பக்கம் மேடம் சொன்னீங்க?" என்றார் அண்ணா.

"அதெல்லாம் பாக்கல. சொன்னேன்."

எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு ஒரு பயமும் வந்தது. எங்கள் வீடு வேறு மாதிரி. நகரிப் பக்கம் நிலக்கடலை போடுகிற குடும்பம். எந்த ஆபீசாக இருந்தாலும் ஒரு தரம் போய் ஒன்றும் கிடைத்ததில்லை. நைனா என்னைக் கூட்டிக்கொண்டு போய், "கேட்டுக்கினே இருக்கணும்டா. அவன் ஜாஸ்தி தொல்ல பண்றான்னாவது குடுத்துருவாங்க" என்பார். படித்த முதல் பிள்ளை நான். கேட்டுக்கொண்டே இருந்துதான் ஸ்காலர்ஷிப், சீட்டு, எல்லாம்.

இப்போது அந்தச் சிக்கலைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனிக்குப் பெரிய வாடிக்கை ஒரு பால் நிறுவனம். கிராமங்களில் பால் குளிர வைக்கிற பெரிய டேங்குகள் இருக்கும். ஒவ்வொரு டேங்க்கிலும் எங்கள் பெட்டி ஒன்று. சிம் கார்டு வழியாக டேங்க்கின் சூட்டை எங்கள் சர்வருக்கு அனுப்பும். சூடு ஏறினால் அங்கே இருக்கிறவர் போனில் அலாரம் அடிக்கும்.

சர்வருக்கு எது வந்தாலும் முதலில் வாங்குவது கர்னல். கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் இருந்து எல்லா வாசலையும் பார்த்துக்கொள்கிற ப்ரோக்ராம் அது. வந்ததை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, தூங்குகிற எங்கள் ப்ரோக்ராமை எழுப்பி, உனக்கு வந்திருக்கிறது என்று சொல்லும். சொல்வதில் இரண்டு விதம். ஒன்று, எடுக்காமல் கொஞ்சம் கிடந்தாலும் ஒவ்வொரு தரமும் சொல்லிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, புதிதாக வரும்போது மட்டும் ஒரு தரம் சொல்லும். நீ பாதி எடுத்தாயா, முழுக்க எடுத்தாயா என்பது அதன் கவலை இல்லை. மறுபடி ஏதாவது வந்தால்தான் வாய் திறக்கும். இரண்டாவது வேகமானது. மேனேஜர் அதைத்தான் எடுத்திருந்தார். அந்த ப்ரோக்ராமை அவரே எழுதினார். அதில் அவர் அனுமதி இல்லாமல் யாரும் ஒரு வரி தொடக்கூடாது என்பது ஆபீசின் சட்டம்.

அவர் எழுதியது ஒரு கை அளவு படித்துவிட்டுத் திரும்பிவிடும். தினசரி மெசேஜ் சின்னது, ஒரு கையில் அடங்கிவிடும். அதனால் யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்குத்தான் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை சொன்னார்.

அதே வாரம்தான் அவர் இன்னொன்றையும் சொல்லியிருந்தார்.

எங்கள் கம்பெனியில் சேர்ந்தால் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்துவிட வேண்டும். பத்தாவது, இன்டர் என்கிற பன்னிரண்டாவது, டிகிரி, எல்லாம். இரண்டு வருஷம் முடிந்தால் திரும்பத் தருவார்கள். எங்கள் வீட்டில் மார்க் லிஸ்ட் என்ற ஒன்று வந்ததே என்னுடையதுதான். அம்மா அதை ரேஷன் கார்டோடு மஞ்சள் பையில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள். அங்கிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் சாம்பல் நிற பீரோ. சாவி அவர் பைக் சாவிக்கொத்தில். அவர் அதைத் திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். என் கவர் எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை.

அக்காவுக்கு இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. இப்போது சித்தூரில் ஒரு அரசாங்க வேலைக்கு எழுதித் தேறியிருந்தார். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அடுத்த வாரம் வியாழக்கிழமை சர்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரிஜினல் கட்டாயம்.

"சார், என் ஒரிஜினல்ஸ் வேணும். அடுத்த வாரம் வியாழக்கிழம சித்தூர்ல வெரிபிகேஷன்."

"சூத்தாம்மா."

நாட்கள் போயின. அக்கா வாயே திறக்கவில்லை. காலையில் வருவார், ஜன்னல் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அவருக்கு நேர் எதிரே மேனேஜர் கேபின். உள்ளே பீரோ.

"அக்கா, இன்னொரு தரம் கேளுங்க்கா. மறந்திருப்பாரு."

"கேட்டேனே."

"இது ஆட்டோ இல்லக்கா, திரும்ப நடந்து வர. லைப்புக்கா."

"எடுத்து வச்சா கூப்புடுவாங்க. வேலையப் பாருடா."

அடுத்த திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் நானே கேபினுக்குள் போனேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "அவளுக்கு வேணும்னா அவ கேக்கட்டும்."

"கேட்டாங்க சார். போன வாரமே."

"எப்போ?" அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காதில் எப்போதும் ஒரு போன். "சரி, எடுத்து வைக்கிறேன் போ" என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டினார்.

ஓடிவந்து சொன்னேன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் சொன்னத நீ எதுக்குடா போய்ச் சொல்ற? எனக்கு வாயில்லையா?"

அன்று சாயங்காலம் ஆட்டோவில் என்னோடு பேசவில்லை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில், பால் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு டேங்க். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க கம்ப்யூட்டர்ல பச்ச லைட்டு எரியுதா சார்?"

நான் திரையைப் பார்த்தேன். பச்சைதான். டேங்க் ஜில்லென்று இருப்பதாகக் காட்டியது.

"பச்சதான் சார்," என்றார் மேனேஜர்.

"இங்க பால் திரிஞ்சி கிடக்குது சார். வந்து ஒரு ஸ்பூன் போட்டுத் துன்னு பாருங்க."

நடந்தது இதுதான். ராத்திரி அங்கே கரண்ட் போயிருக்கிறது. பெட்டி தன் பேட்டரியில் சூட்டைக் குறித்துக்கொண்டே இருந்து, டவருக்கு உயிர் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அனுப்பியது. பெரிய மூட்டை. கர்னல் வாங்கி, எங்கள் ப்ரோக்ராமை எழுப்பி, ஒரு தரம் சொன்னது. ப்ரோக்ராம் ஒரு கை அள்ளிக்கொண்டு தூங்கப்போய்விட்டது. சூடு ஏறிவிட்டது என்ற கடைசிக் குறிப்பு மிச்சத்தில் கிடந்தது. மூட்டை முழுக்க வந்தால்தான் பெட்டிக்கு, கிடைத்தது என்று பதில் போகும். பதில் வந்தால்தான் பெட்டி அடுத்ததை அனுப்பும். அடுத்தது வந்தால்தான் கர்னல் வாய் திறக்கும். பெட்டி சர்வருக்காகக் காத்திருந்தது, ப்ரோக்ராம் கர்னலுக்காக, கர்னல் பெட்டிக்காக. எதுவும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் ஒழுங்காகக் காத்துக்கொண்டிருந்தன. டேங்க்கின் மோட்டார் கரண்ட் வந்தும் ஓடவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

மேனேஜர் கேபின் கதவைத் திறந்துகொண்டே கத்தினார். "இது எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"சொன்னேன் சார்."

"எப்போ?"

"போன வாரம் திங்கக்கிழம. மீட்டிங்ல."

"ஒரு தரம் சொன்னா போதுமா? மள்ளி செப்பாலி கதா!" திருப்பிச் சொல்ல வேண்டாமா என்கிறார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீங்க எழுதினதும் அப்படித்தான சார். ஒரு தரம் சொன்னா போதும்னுதான எடுத்தீங்க."

மேனேஜர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு புத்தலப்பட்டுக்குக் கிளம்பினார். போகிறபோது, "சரி பண்ணி வை" என்று மட்டும் சொன்னார். முதல் தடவையாக அந்த ப்ரோக்ராமில் வேறு ஒருவர் கை பட்டது.

அக்கா எழுதியது சின்ன மாற்றம்தான். படி, திரும்பவும் படி, இனி ஒன்றுமில்லை என்று கர்னலே சொல்லும் வரை கேட்டுக்கொண்டே இரு, அப்புறம் தூங்கு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓட விட்டதும் சிக்கிக் கிடந்த மூட்டையின் மிச்சம் வந்து விழுந்தது. பச்சை சிவப்பானது. பாலைக் கொட்டிக் காலியான டேங்க்குக்கு அலாரம் போயிற்று.

அப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து அக்கவுண்ட்ஸ் அண்ணா கையசைத்தார். "மேடம், ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க."

அக்கா போனார். அண்ணா டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அவர் போன் அடித்தது, பேங்க்கிலிருந்து. அண்ணா அதைக் காதில் வைத்துக்கொண்டு ஏதோ நம்பரைத் தேட ஆரம்பித்தார். அக்கா தாளோடு திரும்பி வந்துவிட்டார்.

"இன்னாக்கா?"

"சம்பள ஸ்லிப்பு."

"வேற ஒண்ணும் குடுக்கலையா?"

"குடுத்தா எடுத்துக்கினு வரமாட்டனா?"

புதன்கிழமை முழுக்க மேனேஜர் வரவில்லை. பால் நிறுவனத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. நான் அடித்த போனையெல்லாம் அவர் கட் செய்தார். அக்கவுண்ட்ஸ் அண்ணாவும் ஆடிட்டரைப் பார்க்கப் போய்விட்டார். நானும் அக்காவும் கேபினுக்குள் போய் அந்தப் பீரோ முன்னால் நின்றோம். கைப்பிடியைத் திருகிப் பார்த்தேன். ஆடியது, திறக்கவில்லை. உள்ளே என்னுடையதும் இருக்கிறது.

"கடப்பாரை கொண்டாரட்டுமாக்கா?"

"போடா." அக்கா பீரோவின் மேல் உள்ளங்கையை வைத்தார். "நாளைக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கினு போறேன். கேட்டுப் பாக்குறேன்."

வியாழக்கிழமை போனார். மத்தியானத்துக்கு மேல் ஆபீசுக்கே திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"ஜெராக்ஸ் செல்லாதுன்னாங்க."

"டைம் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அப்புறம்?"

"அடுத்த பேரக் கூப்ட்டாங்க."

அதற்கப்புறம் அக்கா ராஜினாமா கொடுத்தார். இந்தத் தரம் பேப்பரில். மேனேஜர் முழுக்கப் படித்தார், கையெழுத்தும் போட்டார். பாலுக்கு ஆன நஷ்டத்தில் ஒரு பங்கு, பொறுப்பு என்ற பெயரில், அக்கா கணக்கில் எழுதச் சொல்லிவிட்டார் என்று பின்னால்தான் தெரிந்தது.

கடைசி நாளில் நான் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு அக்கவுண்ட்ஸ் அண்ணா மேசைக்குப் போனேன். அண்ணா கணக்குத் தாளை எடுக்க டிராயரை இழுத்தார். அடியில் ஒரு காக்கி கவர். மேலே அக்காவின் பெயர், மேனேஜர் கையெழுத்தில்.

அண்ணா அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "இது இன்னும் இங்கியேவா கிடக்குது? அந்தப் பால் ரகள அன்னிக்குக் காலைல சார் பீரோவத் திறந்து எடுத்துக் குடுத்துட்டுத்தான போன எடுத்தாரு. ஸ்லிப்போட சேர்த்துக் குடுக்கலான்னு வச்சேன்." நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "கூப்ட்டேனே மேடம்."

அக்கா கவரைப் பிரித்தார். பத்தாவது, இன்டர், டிகிரி. ஒவ்வொன்றாகப் பார்த்து, விளிம்பு மடங்காமல் திரும்ப உள்ளே வைத்தார். இப்போதாவது கத்துவார் என்று நினைத்தேன். ஒரு தரமாவது.

"ஆமா," என்றார். "கூப்ட்டீங்க."

அண்ணா தலையைக் குனிந்துகொண்டு கணக்கைப் படித்தார். பால் நிறுவனம் பில்லில் பிடித்துக்கொண்டது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம். அதில் அக்காவின் பங்கைக் கழித்தால், அவருக்கு வரவேண்டிய கடைசிச் சம்பளத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றாலும் கையெழுத்து வேண்டும், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல்தான் வேண்டும்.

"ஸ்டாம்ப் ஒரு ரூபா ஆவும் மேடம்," என்றார் அண்ணா. "சில்லற இருக்குதா?"

அக்கா கைப்பையில் தேடி எடுத்து, மேசைமேல் வைத்தார். ஒரு ரூபாய்.